வேர்க்கும் தகரம்

அவரை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போன நான்கு பேரில் நானும் ஒருவன். கைப்பிடி வைத்த மர நாற்காலியில் உட்கார வைத்து, இடுப்பைச் சுற்றித் துண்டால் கட்டி, அந்தக் குறுகலான மாடிப்படியில் மூச்சுப் பிடித்து ஏற்றினோம். திருப்பத்தில் என் கை நழுவி நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்தபோது எங்களுக்குப் பாதி உயிர் போய்விட்டது. அவர் மட்டும், "மெதுவா ஒடிங்கப்பா, பின் சக்கரம் ஏறிடும்," என்றார்.

இருபத்திரண்டு வருடம் நகரப் பேருந்து ஓட்டியவர். எதைச் சொன்னாலும் முடிவில் "ரைட்டு" என்பார். சாப்பாடு தயார் என்றாலும் ரைட்டு, சம்பந்தி வீட்டில் சண்டை என்றாலும் ரைட்டு. அதனால் தெருவில் அவருக்கு ரைட்டு என்றே பெயர். அத்தனை வருடம் சாலையில் ஒரு கீறல் விழாமல் ஓட்டியவர், பணிமனையில் நின்றுகொண்டிருந்த வண்டியிலிருந்து விழுந்தார். கூரையில் கட்டிய தார்ப்பாயைச் சரிபார்த்துவிட்டு ஏணியில் இறங்கும்போது, யாரோ கழுவிவிட்ட சோப்புத் தண்ணீரில் கால் வழுக்கியது. முதுகெலும்பில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்வு திரும்பவில்லை. அப்போது அவருக்கு நாற்பத்தொன்பது வயது.

நான் கீழ்வீட்டுக்காரன். அவர்கள் வீடு மொட்டைமாடியில் கட்டிய ஒரே ஓர் அறை. ஒரு மூலையில் சமையல், எதிர்மூலையில் துணி வைக்கும் பீரோ, ஜன்னலோரம் கட்டில். மேலே தகரக் கூரை. வெயில் காலத்தில் பதினோரு மணிக்கெல்லாம் தகரம் "டங், டங்" என்று விரியத் தொடங்கும். மின்விசிறியைப் போட்டால் மேலேயிருக்கும் அனலை அள்ளி முகத்தில் வீசும். போடாவிட்டால் புழுங்கியே சாக வேண்டும். விடுமுறை நாட்களில் நான் மேலே போய்த் தகரத்தின் மீது விரித்திருந்த சாக்குகளில் தண்ணீர் ஊற்றுவேன். பத்து நிமிடம் ஆவி பறக்கும். பிறகு பழைய கதைதான்.

அவர் மனைவி காலை எட்டரைக்குக் கிளம்பினால் திரும்ப ஐந்தரை ஆகும். பொருள்களைச் சோதிக்கும் ஓர் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர். கலவை கிளறுவது, அச்சுகளைக் கழுவி எண்ணெய் பூசுவது, பலகைகளை அறுத்து எடை போடுவது எல்லாம் அவர் கைவேலை. ஆராய்ச்சி செய்ய வருகிறவர்கள் மூன்று வருடம், நான்கு வருடம் இருந்துவிட்டுப் போவார்கள். அவர் மட்டும் பதினாறு வருடமாக அங்கேயே இருந்தார். அங்கே எல்லாருக்கும் அவர் அக்கா. ஒரே மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன பிறகு, பகல் முழுக்கக் கணவரைத் தனியே விட்டுவிட்டுப் போவதுதான் அவருக்கு இருந்த பெரிய குறை. "அங்க நான் குளுகுளுன்னு ரூம்ல நிக்கிறேன். அவரு இங்க வறுபடுறாரு," என்று என் மனைவியிடம் ஒருமுறை சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்த ஆய்வுக்கூடத்தில் ஓர் ஆராய்ச்சி மாணவி இருந்தாள். ஆடைத் தொழிற்சாலைகளில் சட்டை வெட்டியது போக மிஞ்சும் துண்டுத்துணிதான் அவள் ஆராய்ச்சி. மூட்டை மூட்டையாக ஊருக்கு வெளியே கொட்டி எரிக்கிறார்கள், அந்தப் புகை யார் யார் மூக்கிலோ ஏறுகிறது. அதை வாங்கி வந்து, இயந்திரத்தில் கொடுத்துப் பஞ்சாக்கி, சோளமாவுப் பசையில் பிசைந்து, அச்சில் அழுத்தி உலர்த்தினாள். இரண்டு விரல் கனத்தில் பலகை கிடைத்தது. தூக்கினால் காகிதக் கட்டு போல லேசாக இருக்கும். நிறம் சாம்பல். உற்றுப் பார்த்தால் சிவப்பு, நீலம், மஞ்சள் என்று நூல் துணுக்குகள் தெரியும். வெப்பத்தை நன்றாகத் தடுத்தது. ஆய்வுக்கூட வளாகத்தில் தகரம் போட்ட ஒரு பெட்டியறை கட்டி, அதற்குள் பலகையைப் பொருத்தி, கோடை முழுக்க அளந்தும் பார்த்துவிட்டாள். ஆனால் நிஜமான வீட்டில் போட்டுப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. வீடு கொடுப்பார் யார்?

அச்சு கழுவிக்கொண்டிருந்த அக்கா தயங்கித் தயங்கிக் கேட்டாராம்:

"எங்க வீட்ல போடலாமா மேடம்? எங்க வீட்டுக்காரர் நாள் பூரா கூரையத்தான் பார்த்துட்டு இருக்காரு. கவனிச்சுச் சொல்ல உங்களுக்கு ஒரு ஆள் மிச்சம்."

மாணவி முதல் தடவை மேலே வந்த அன்று ஒரு கூத்து நடந்தது. ஆய்வுக்கூடத்தில் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிற பெண் வருகிறாள் என்று மனைவி சொன்னதில், டாக்டர் என்ற சொல் மட்டும் ரைட்டின் காதில் தங்கிவிட்டது. அவள் உள்ளே வந்து உட்கார்ந்ததும் சட்டையைத் தூக்கி முதுகைக் காட்டிவிட்டார்.

"இந்த எடத்துலதாம்மா. மழை வந்தா மட்டும் கொஞ்சம் குத்துது."

அவள் பதறி எழுந்துவிட்டாள். "ஐயோ, நான் அந்த டாக்டர் இல்லைங்க. நான் பலகை... பலகைக்குப் படிக்கிறேன். அதுவும் இன்னும் டாக்டரே ஆகலை."

"அப்ப பலகை டாக்டர்," என்றார் ரைட்டு, சட்டையை இறக்கிக்கொண்டே. அன்றிலிருந்து அவளுக்கு அந்தப் பெயர்தான். அவளும் அதை விரும்பினாள் என்றே நினைக்கிறேன்.

மார்ச் மாதக் கடைசியில் இருபத்து நான்கு பலகைகளைக் கூரையின் அடியில் தகரத்தோடு ஒட்டித் திருகாணியால் பொருத்தினார்கள். வரிசைக்கு நான்காக ஆறு வரிசை. ஒவ்வொன்றின் மூலையிலும் கறுப்பு மையால் எண். கட்டிலுக்கு எட்டும் உயரத்தில் சுவரில் சின்னக் கருவி ஒன்று. அறையின் வெப்பத்தையும் பலகைக்கு மேலே உள்ள வெப்பத்தையும் காட்டும். பலகை டாக்டர் ஒரு நீளமான நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டுக் கொடுத்தாள். காலை ஆறு, மதியம் இரண்டு, மாலை ஏழு என மூன்று நேரம் வெப்பத்தை எழுத வேண்டும். கடைசிக் கட்டத்தில் பலகைகளில் ஏதாவது தெரிந்தால் குறிக்க வேண்டும், இல்லாவிட்டால் 'மாற்றம் இல்லை'.

முதல் நாள் மதியம் வெளியே நாற்பத்தொன்று. அறைக்குள் முப்பத்தாறு. ஐந்து டிகிரி என்பது கேட்க ஒன்றுமில்லாத எண்ணாகத் தெரியலாம். விபத்துக்குப் பிறகு முதன்முதலாக அன்று அவர் பகலில் தூங்கினார். நான் தண்ணீர் ஊற்றலாம் என்று மேலே போனவன், குறட்டையைக் கேட்டுக் குடத்தோடு திரும்பி வந்துவிட்டேன்.

நோட்டு அவரை மாற்றியது. அதற்கு முன்னால் நாள் முழுக்க ரேடியோவைத் திருகுவார், இல்லாவிட்டால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். இப்போது காலை ஐந்தரைக்கே எழுந்து, முகம் துடைத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு ஆறு மணிக்காகக் காத்திருந்தார். பலகைகளைப் பேருந்து இருக்கைகளாகவே அவர் எண்ணினார். "மூணாவது வரிசை ஜன்னல் சீட்டு லேசா தொங்குது, ஸ்க்ரூ இறுக்கணும்." "பின்னாடி லாங் சீட்ல ஒரு பல்லி ஏறியிருக்கு, டிக்கெட் எடுக்கல." இதையும் நோட்டில் எழுதினார். பலகை டாக்டர் வாரம் ஒருமுறை வந்து படித்துச் சிரிப்பாள். ஆனால் எண்களைப் பார்க்கும்போது அவள் முகம் மாறும். ஒரு நேரம்கூட விடுபடவில்லை. "எங்க லேப்ல மெஷின்கூட லீவு போடுது, நீங்க போடலையே," என்றாள் ஒருமுறை. அவர் அதை எனக்கு மூன்று தடவை சொல்லியிருப்பார்.

பிறகு மழை பிடித்துக்கொண்டது.

முதல் மழைக்கு அவருக்கு ஒரே குஷி. தகரத்தில் மழை விழுந்தால் முன்பெல்லாம் பக்கத்தில் நிற்கிறவர் பேசுவது கேட்காது. இப்போது அடுத்த வீட்டில் பெய்கிற மாதிரி இருந்தது. அந்த மாதம் பலகை டாக்டர் வரவில்லை, கட்டுரை எழுதுகிறாள் என்றார் அக்கா.

மழை தொடங்கி மூன்றாவது வாரம், பதினேழாம் எண் பலகையின் ஓரத்தில் ரைட்டு ஒரு கறுப்புப் புள்ளியைப் பார்த்தார். ஈ என்று நினைத்தார். மறுநாளும் அது அங்கேயே இருந்தது. அதற்கு அடுத்த நாள் சட்டைப் பொத்தான் அளவுக்கு வளர்ந்திருந்தது, பக்கத்தில் இன்னும் இரண்டு. நோட்டை எடுத்தார். வெப்பத்தை எழுதினார். கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. 'மாற்றம் இல்லை' என்று எழுதினார்.

இதைப் பிற்பாடு அவரே என்னிடம் சொன்னார். பொய் எழுத வேண்டும் என்று உட்காரவில்லையாம். நாளைக்குக் காய்ந்துவிடும், காய்ந்தால் எழுதவே வேண்டியதில்லை என்று முதல் நாள். நேற்று எழுதாததை இன்று எப்படி எழுதுவது என்று இரண்டாம் நாள். அப்புறம் பழகிவிட்டது. "எழுதினா வந்து கழட்டிடுவாங்கன்னு தெரியும்," என்றார். "பலகை போனா மறுபடியும் அந்த அடுப்பு. அதைவிட, நோட்டும் போயிடும். அப்புறம் காலையில எதுக்கு எழுந்திரிக்கிறது?"

பதினோரு நாள் அப்படியே ஓடியது. புள்ளிகள் ஆறு பலகைகளுக்குப் பரவின. அவருக்கு வறட்டு இருமல் வந்தது. மழைக்காற்று என்று சமாளித்தார்.

அக்கா காலையில் இருட்டோடு எழுந்து சமைத்துவிட்டு ஓடுகிறவர், அண்ணாந்து பார்க்க நேரம் ஏது? அவருக்குக் காட்டிக்கொடுத்தது மூக்கு. வேலையிலிருந்து திரும்பிய ஒரு மாலை, கதவைத் திறந்ததும் நின்றுவிட்டார். ஆய்வுக்கூடத்தில் ஈர மூலையில் மறந்து வைத்த பலகைகளில் வரும் வாடை அது. ஸ்டூலைப் போட்டு ஏறிப் பெருவிரலால் பதினேழாம் பலகையை அழுத்தினார். விரலில் கறுப்புப் பொடி ஒட்டிக்கொண்டது. இறங்கி வந்து நோட்டைப் புரட்டினார்.

"என்னங்க இது? பதினோரு நாளா மாற்றம் இல்லைன்னு எழுதியிருக்கீங்க."

"கண்ணு சரியாத் தெரியலை."

"பல்லி ஏறினது தெரிஞ்சுது, இது தெரியலையா?"

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். கீழே எனக்கே கேட்டது அக்காவின் குரல். அவர் கத்திப் பேசி நான் கேட்டதே இல்லை. "பதினாறு வருஷமா அங்க வேலை பார்க்கிறேன். ஒரு கிராம் கூடுதலா குறைச்சலா நான் எழுதினதில்லை. அந்தப் பொண்ணு உங்க எழுத்தை நம்பி ஊருக்கே இதைப் போடச் சொல்லப் போகுது. வேற எவன் வீட்லயோ குழந்தை இதுக்குக் கீழ படுத்திருக்கும். இருமுமுங்க, உங்கள மாதிரியே இருமும்!"

அன்றிரவு அவர் சொன்னது இவ்வளவுதானாம்: "நாளைக்கு அந்தப் பொண்ண வரச்சொல்லு. நீ சொல்லாத. நானே சொல்றேன்."

மறுநாள் மாலை அவள் வந்தாள். கால் நனைந்து, குடையிலிருந்து சொட்டச் சொட்ட வந்தவளிடம் டீகூடக் கொடுப்பதற்கு முன் அவர் நோட்டை நீட்டிவிட்டார்.

"பதினோரு நாள் பொய் எழுதியிருக்கேன் டாக்டரம்மா. மேல பாருங்க."

அவள் பார்த்தாள். வரிசை வரிசையாகப் பார்த்தாள். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து, குடையை மடியில் வைத்துக்கொண்டு, அது புடவையை நனைப்பதுகூடத் தெரியாமல் இருந்தாள். திட்டுவாள் என்று ரைட்டு எதிர்பார்த்தாராம்.

"நானும்தான்," என்றாள் அவள். "எங்க புரொபசர் வெயில்கால அளவு போதும், அதோட கட்டுரையை முடிச்சிடுன்னாரு. சரின்னுட்டேன். மழை ஆரம்பிச்சப்பவே பூஞ்சை பிடிக்கும்னு எனக்குத் தோணுச்சு. சோளமாவுப் பசையாச்சே. வந்தா பார்க்க வேண்டியிருக்கும்னுதான் ஒரு மாசமா வரலை. நீங்க பார்த்துட்டு எழுதலை, நான் பார்க்காமலே இருந்துட்டேன். எது மோசம்னு தெரியலைங்க."

அக்கா இருவர் கையிலும் டீ டம்ளரைத் திணித்தார். "ரெண்டு பேரும் அழுது முடிச்சதும் சொல்லுங்க. கழட்டுறதுக்கு ஸ்க்ரூடிரைவர் எடுத்து வச்சிருக்கேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை பலகைகளை இறக்கினோம். நானும் ஏறி நின்றேன். கீழிருந்து பார்த்தபோது ஆறுதான் கெட்டிருந்தன. இறக்கித் திருப்பினால், தகரத்தோடு ஒட்டியிருந்த மேல்முகம் இருபத்து நான்கிலும் கரி பூசினாற்போல இருந்தது. வாய்க்குத் துணி கட்டிக்கொண்டு, பலகை டாக்டர் ஒவ்வொன்றையும் படம் எடுத்தாள். கட்டிலோடு வெளியே மாடியில் இழுத்துப் போட்டிருந்த ரைட்டு அங்கிருந்தே கேட்டார்:

"இதையெல்லாம் எங்க கொண்டுபோய்ப் போடுவீங்க? குப்பையிலிருந்து எடுத்தீங்க. திரும்பக் குப்பைக்கே போகுமா?"

அது அவள் யோசிக்காத பக்கம். அக்காதான் சொன்னார்: "கொதிக்கிற தண்ணில ஊற வச்சா பசை விட்டுடும் மேடம். அச்சுல காஞ்சு ஒட்டினதை நான் அப்படித்தான் எடுப்பேன். பஞ்சு மிஞ்சும். அலசி வெயில்ல போட்டா மறுபடி அச்சுல போடலாம்." அப்படியே செய்து பார்த்தார்கள். இரண்டாம் முறை வந்த பலகை கொஞ்சம் பலம் குறைவு, மற்றபடி பழுதில்லை. அது ஒரு தனி அத்தியாயமாகவே அவள் ஆராய்ச்சியில் ஏறியது.

ரைட்டுக்கு மறுபடியும் மொட்டைத் தகரம். மழைக்காலமாதலால் அனல் இல்லை. சத்தம்தான் மண்டையைப் பிளந்தது. நோட்டை அவள் திருப்பி எடுத்துக்கொண்டு போகவில்லை. கடைசிக் கட்டத்தில் இனி எழுத ஏதும் இல்லாவிட்டாலும் அவர் மூன்று வேளையும் வெப்பத்தை எழுதிக்கொண்டிருந்தார். யாரும் கேட்கவில்லை. தண்டனை மாதிரி செய்தார் என்று நினைக்கிறேன்.

மழை விட்டு வானம் வெளுத்த ஒரு காலை. முதல் நாளும் மழை இல்லை, அதற்கு முந்தின நாளும் இல்லை. ஆறு மணிக்குக் கண்ணாடி போட்டு அண்ணாந்தவர் நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது. ஓட்டை என்றுதான் நினைத்தார். ஆனால் தகரம் முழுக்க, ஓட்டையே இல்லாத இடத்திலும், பொடிப் பொடியாகத் தண்ணீர் அரும்பியிருந்தது. அக்கா மூலையில் பானையைத் திறந்து வைத்துக் கொதிக்கவிட்டிருந்தார். குளிர் என்று ஜன்னல் சாத்தியிருந்தது. அடுப்புக்கு மேலே சொட்டு பெரிதாகவும், கதவிடுக்குப் பக்கம் சின்னதாகவும் இருந்தது.

அவருக்குச் சட்டென்று பேருந்து நினைவு வந்தது. குளிர்கால முதல் நடை. கண்ணாடியெல்லாம் சாத்தி, உள்ளே அறுபது பேர். முன்கண்ணாடி மங்கிப் பாதை தெரியாது. புதிய டிரைவர்கள் வைப்பரைப் போட்டுப் போட்டுப் பார்ப்பார்கள். வெளியே துடைத்து என்ன பயன்? ஈரம் உள்பக்கம். ஜனங்கள் விடும் மூச்சு. ஒரு ஜன்னலைத் திறந்தால் இரண்டு நிமிடத்தில் தெளிந்துவிடும்.

உடனே பலகை டாக்டருக்குப் போன் போட்டார். அந்த நேரத்தில் போன் என்றதும் அவள் பயந்துவிட்டாள்.

"என்னங்க, யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"தகரத்துக்கு வேர்க்குது டாக்டரம்மா."

"என்னது?"

"மழை இல்லை, ஓட்டை இல்லை. உள்ள இருந்து வேர்க்குது. எங்க மூச்சும் சமையல் ஆவியும் மேல போய் தகரத்துல பட்டுத் தண்ணியாகுது. பலகையை அதோட ஒட்டி வச்சோமில்ல? தினமும் காலையில குடிச்சிருக்கு. மேல்பக்கம் கறுத்தது அதனாலதான்."

அவள் மெதுவாகச் சொன்னாள்: "இது புத்தகத்துல இருக்குங்க. நான் படிச்சிருக்கேன். ஆனா நான் அளந்த பெட்டியறையில யாரும் மூச்சு விடலையே. யாரும் சமைக்கலையே."

சொன்னால் போதாது, அளக்க வேண்டும் என்றாள். அளக்கும் வழியை அக்கா கண்டுபிடித்தார். ஒரே அளவில் வெட்டி, உலர்த்தி, எடை போட்ட துணித்துண்டுகளை ஆய்வுக்கூடத்திலிருந்து கொண்டுவந்து ஒவ்வொரு மாலையும் தகரத்தில் ஒட்டுவார். காலையில் எடுத்து மூடி போட்ட டப்பாவில் அடைத்துக் கொண்டுபோய் மறுபடி எடை போடுவார். ஜன்னல் சாத்திப் பானை திறந்த நாள், ஜன்னல் திறந்து பானை மூடிய நாள் என்று மாற்றி மாற்றி மூன்று வாரம். பேருந்தில் அவர் மடியில் எட்டு டப்பா இருக்கும். "என்னம்மா, கேரியர் சாப்பாடா?" என்று கேட்ட நடத்துனரிடம், "இல்லப்பா, எங்க வீட்டுக் கூரையோட வேர்வை," என்றாராம். அந்த ஆள் அதற்குப் பிறகு பேச்சே கொடுக்கவில்லை. கணக்குப் பார்த்தபோது, சாத்திய நாளில் சேர்ந்த ஈரம் திறந்த நாளைப் போல நான்கு மடங்கு இருந்தது.

மழைக்கால முடிவையும் எழுத வேண்டும் என்று பலகை டாக்டர் பேராசிரியரிடம் போனாள். பின்னால் அச்சு கழுவிக்கொண்டிருந்த அக்கா கேட்டு வந்து சொன்னது இது. தோற்றுப்போனதை யாரும் படிக்க மாட்டார்கள், வெயில்கால முடிவை மட்டும் வெளியிடலாம் என்றார் அவர். "நான் எழுதாட்டி இன்னொருத்தர் இதையே செஞ்சு இன்னொரு வீட்ல போடுவாங்க சார்," என்றாள் அவள். கணக்குத் தாளை அவர் முன் நீட்டினாள். அவர் கெட்டவர் அல்லர். நாற்பது மாணவர்களைக் கரையேற்றிய களைப்பு அவருக்கு. துணித்துண்டுக் கணக்கை வாங்கி இரண்டு முறை படித்தார். "இதை யார் அளந்தது?" என்று கேட்டார். அவள் அக்காவைக் காட்டினாள். "சரி, ரெண்டையும் போடு," என்றார்.

அடுத்த கோடைக்கு முன்னால் புதிய பலகைகள் ஏறின. இந்தத் தடவை தகரத்துக்கும் பலகைக்கும் நடுவில் நான்கு விரல் இடைவெளி. இரண்டு முனையிலும் காற்றுப் போக வலை அடித்த திறப்பு. பூஞ்சை பிடிக்காமலிருக்கப் பசையில் கொஞ்சம் வெண்காரம் சேர்த்து, இரண்டு முகத்திலும் சுண்ணாம்பு பூசியிருந்தார்கள். ஜன்னலைக் காலையில் திறந்து வைப்பது என்பது ரைட்டின் உத்தரவு. அனல் முன்னைவிட ஒரு டிகிரி கூடுதலாகவே குறைந்தது. மழை வந்தது. நாங்கள் எல்லாருமே அண்ணாந்தபடி நடந்தோம். அடுப்புக்கு மேலே இரண்டு பலகைகளில் மட்டும் புள்ளி வந்தது. தெரிந்த அன்று காலையிலேயே சிவப்பு மையில் எழுதி, போனும் செய்துவிட்டார். அவற்றை மாற்றினார்கள். மற்ற இருபத்திரண்டும் தை மாதம் வரை சுத்தமாக இருந்தன.

ஆராய்ச்சிக் கட்டுரையில் அவரை எப்படிக் குறிப்பிடுவது என்று அவள் கேட்டு வந்தாள். "டிரைவர்னு போடுங்க," என்றார். பிறகு, "அந்தப் பதினோரு நாளையும் போடணும். அளவு எடுத்தவர் பார்த்தும் எழுதலைன்னு," என்றார்.

"அது தேவையாங்க? பார்வையில் விடுபட்டதுன்னு எழுதிக்கலாமே."

"விடுபடலையே. எனக்கு நல்லாத் தெரிஞ்சுது. என்னை மாதிரி படுத்துக் கிடக்கிறவன் எதுக்குப் பொய் எழுதுவான்னு அடுத்து வர்றவங்களுக்குத் தெரியணுமில்ல? இல்லேன்னா அவங்களும் நோட்டைப் பார்த்து ஏமாந்துடுவாங்க."

அவள் அப்படியே எழுதினாள். எனக்கு அந்தப் பக்கத்தைக் காட்டினார்கள். வெட்கமாக இல்லையா என்று நான் அவரைக் கேட்டேன். "இருக்கு," என்றார். "ஆனா மத்த நாள் எழுதினதெல்லாம் நெசம்னு நம்புறாங்கன்னா, அந்த ஒரு பாராவாலதான்."

அவள் டாக்டர் ஆகிவிட்டாள். ரைட்டின் இருமலும் நின்றது. ஆனால் பலகை இன்னும் கடைக்கு வரவில்லை. நெருப்புப் பிடித்தால் என்ன ஆகும் என்ற சோதனை நடந்துகொண்டிருக்கிறது. முதல் சுற்றில் போதுமான அளவு தாங்கவில்லை என்று அக்கா சொன்னார். பசையை மறுபடி மாற்றுகிறார்கள். பஞ்சாக்கும்போது பறக்கும் தூசிக்கு மூடி போட்ட இயந்திரம் வேண்டும் என்று அக்கா எழுதிக் கொடுத்து, அதுவும் வந்துவிட்டது.

இதற்கிடையில் இன்னும் ஐந்து தகர வீடுகளில் பலகை போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் அளவு சொல்ல வேண்டும். போனில் கேட்டு எழுதுவது ரைட்டின் வேலை. ஆய்வுக்கூடத்தில் அதற்கொரு சின்னப் பதவிகூடக் கொடுத்திருக்கிறார்கள், பெயர் அவருக்கே வாயில் நுழையாது. காலையில் நான் பல் துலக்கும்போது மேலேயிருந்து அந்தக் குரல் கேட்கும். ஒரு தையல்காரரிடம் பலகையைத் தொட்டுப் பார்க்கச் சொல்வார், ஒரு பெரியவரிடம் எண்ணைத் திரும்பச் சொல்லச் சொல்வார்.

போன வாரம் மதியம் ஏதோ கொடுக்க மேலே போயிருந்தேன். நான்காவது வீட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தார். அங்கே பிள்ளை பெற்று இருபது நாள் ஆன பெண். குழந்தை மடியில் தூங்குகிறது, எழுந்தால் விழித்துக்கொள்ளும், நேற்றைய எண்ணையே போட்டுக்கொள்ளுங்கள் அண்ணா, அதே மாதிரிதான் இருக்கும் என்று அவள் சொல்வது ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

"வேணாம்மா, எழுந்திரிக்காத. குழந்தை தூங்குதுல்ல, தூங்கட்டும்," என்றார் அவர். "நல்லா தூங்குதா?"

"நல்லா தூங்குதுண்ணா. வேர்க்கலை."

"ரைட்டு."

அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு, பக்கத்தில் சின்ன எழுத்தில் காரணத்தை எழுதினார். பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஐந்தாவது வீட்டுக்கு எண்ணை அழுத்தினார்.